பரம்பரை வீடும் பழம்பசியும்

பேய்ப் படத்தைப் பற்றி எழுதுவதற்கு இவ்விலக்கியப் பகுதிதானா கிடைத்தது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. பேய் உண்டு, பிசாசு உண்டு என்று எளிய மக்களை அச்சுறுத்தி மந்திரவாதிகள் வயிறு வளர்த்த கதையை நாம் அறிவோம். அங்ஙனமிருக்க, இருட்டறையில் அமர்ந்து பேய்க்கு அஞ்சிக் களிப்பது நமக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதே எம் கருத்து. ஆனால் எல்லாப் பேய்க்கும் அன்று. பேய்க்கதைகள் இரு வகைப்படும். கதவு தானே திறந்து, விளக்கு தானே அணைந்து, காதைப் பிளக்கும் ஓசையோடு ஒரு கோர முகம் தோன்றி நம்மைத் துள்ள வைப்பது ஒரு வகை. அது பட்டாசு, வெடித்தது, தீர்ந்தது. மற்றொரு வகை உமியில் பிடித்த நெருப்பைப் போன்றது. மேலே சாம்பல்தான் தெரியும். கையை வைத்தவனுக்கே உள்ளே கனல்வது தெரியும். நெல் விளையும் இந்த அலோர் ஸ்டார் வட்டாரத்து மக்களுக்கு உமித்தீயின் இயல்பை யாம் விளக்க வேண்டுவதில்லை.

அவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு படத்தை அண்மையில் இரண்டாம் முறையாகக் கண்டோம். அதன் பெயர் "தும்பாட்". இந்தி மொழியில் எடுக்கப்பட்டு 2018ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வெளிவந்தது. ராஹி அனில் பர்வே இயக்கினார். பங்கஜ் குமார் ஒளிப்பதிவு செய்தார். சோஹம் ஷா தலைமை வேடம் தாங்கினார். அவ்வாண்டே வெனிஸ் நகரத்துத் திரைப்பட விழாவில், விமர்சகர் வாரத்தின் தொடக்கப் படமாக அது காட்டப்பட்டது. ஆயினும் திரையரங்குகளில் அன்று பெருங்கூட்டம் சேரவில்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் மீண்டும் திரையிட்டபோதோ, முதல் முறை ஈட்டியதைக் காட்டிலும் மிகுதியாக ஈட்டிற்று. ஆறு ஆண்டு கழிந்த பின்னரும் மக்கள் தேடிச் சென்று காணும் படத்தில், வெறும் அச்சத்துக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அந்த ஒன்று ஒரு கேள்வி என்று யாம் கருதுகிறோம். பாட்டன் வீடு பேரனுக்கு வரும்போது, வீட்டோடு சேர்ந்து வேறு என்னென்ன வருகின்றன என்பதே அக்கேள்வி.

முதல் முறை கண்டபோது, அக்கேள்வி பிறர் வீட்டுக் கேள்வியாகவே எமக்கு இருந்தது. என்னை? எம் குடும்பத்தில் எவர்க்கும் பரம்பரை வீடு என்ற ஒன்று இருந்ததில்லை.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குப் பேய்களுக்குக் குறைவில்லை. ஆற்றோரத்து மூங்கிற்புதரில் ஒன்று, ஆலமரத்தில் ஒன்று, சுடுகாட்டுப் பாதையில் ஒன்று என்று எல்லைக்கு எல்லை ஒன்று இருந்தது. மலாய் அயலார் சொல்லும் பொந்தியானாவுக்கு வாழைத் தோப்பில் இடம் உண்டு. காட்டோரத்தில் முனிக்கு ஒரு மரமும் ஒரு சூலமும் உண்டு. ஆனால் நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இளமையில் யாம் கேட்ட கதைகளில் எந்தப் பேயும் லயத்து வீட்டுக்குள் குடியிருந்ததில்லை. காரணம் எளிது. லயம் நம்முடையதன்று. அது துரையினுடையதாயிருந்தது, பின்னர்க் கம்பெனியினுடையதாயிற்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போயின் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மூன்று தலைமுறையாக ஒரே கூரையின் கீழ்ப் பிறந்து, ஒரே வாசலில் பிணம் எடுத்த குடும்பமாயினும், அந்த அறையை மகனுக்கு எழுதி வைக்க இயலாது. வீட்டுக்குள் பேய் குடியேற வேண்டுமானால், முதலில் அவ்வீடு ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாயிருத்தல் வேண்டும். பேய்க்கும் பட்டா வேண்டும் போலும்!

இதை யாம் விளையாட்டாகச் சொல்லவில்லை. மேனாட்டில் இவ்வகைக் கதைகளுக்குத் தொடக்கமாகக் கருதப்படும் நூல், 1764இல் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட "ஒட்ராண்டோ கோட்டை". அக்கோட்டையில் நிகழும் திகில்களுக்கெல்லாம் காரணம் யாது? அதை ஆளும் பிரபுவின் பாட்டன், உண்மை உரிமையாளனுக்கு நஞ்சிட்டுக் கொன்று கோட்டையைக் கவர்ந்ததே. தமிழில் 1963இல் ஸ்ரீதர் இயக்கிய "நெஞ்சம் மறப்பதில்லை" படத்தைப் பழைய நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் அச்சத்தின் ஊற்று ஒரு ஜமீன் மாளிகையே. ஏழைப் பெண்ணை மகன் விரும்பியதைப் பொறாத ஒரு ஜமீன்தாரின் கொடுமையே. நாடு வேறு, காலம் வேறு. ஆயினும் மாளிகைப் பேயைத் தோண்டினால் அடியில் அகப்படுவது ஒரு பழைய அநியாயமாகவே இருக்கிறது.

"தும்பாட்" படத்தின் கதை 1918ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மராட்டிய நாட்டில் தும்பாட் என்னும் சிற்றூர். அங்கே மழை ஓய்வதில்லை. ஊரில் ஒரு பாழடைந்த பெரிய மாளிகை. அவ்வூரார் அதை வாடா என்பர். அதன் தலைவனாகிய கிழவனைச் "சர்க்கார்" என்று அழைக்கின்றனர். அக்கிழவனுக்குப் பணிவிடை செய்தும், அவன் இச்சைக்கு இணங்கியும் காலங்கழிக்கிறாள் ஓர் ஏழைப் பெண். விநாயக், சதாசிவ் என அவளுக்கு இரு சிறுவர்கள். பெற்றவன் அக்கிழவனே, ஆயினும் பிள்ளைகள் என்ற உரிமை அவர்களுக்கு இல்லை. அவள் எதிர்பார்ப்பதெல்லாம் ஒரே ஒரு பொற்காசு. அவள் தலைமேல் மற்றொரு சுமையும் உண்டு. அந்தப் பரம்பரையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, சாவு வாராமல், உடல் அழுகி, சங்கிலியில் பிணிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அவளுக்குச் சோறு ஊட்ட வேண்டும். அவள் பசியோடு விழித்தால் ஊட்டுபவரையே உண்டுவிடுவாள். "ஹஸ்தர்" என்ற ஒரு பெயரைச் சொல்லி அச்சுறுத்தினால் மட்டும் உறங்கிவிடுவாள்.

இளையவன் இறந்து போகிறான். தாய் மூத்தவனை அழைத்துக்கொண்டு புனே நகருக்குப் போகிறாள். அந்த ஊருக்குத் திரும்புவதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்குகிறாள். 15 ஆண்டு கழித்து, தாய் இறந்த பின்னர், விநாயக் திரும்பி வருகிறான். மாளிகை இன்னும் பாழாய்க் கிடக்கிறது. மூதாட்டி இன்னும் உயிரோடு கிடக்கிறாள். அவள் உடம்பினின்று ஒரு மரமே முளைத்து நிற்கிறது. அவளிடமிருந்து புதையலின் இரகசியத்தை வாங்கிக்கொள்கிறான்.

அந்த இரகசியம் ஒரு கற்பனைப் புராணம். எல்லாச் செல்வத்தையும் ஈன்ற ஒரு தேவி. அவளிடம் அளவற்ற பொன்னும் அளவற்ற தானியமும் உண்டு. அவளுடைய தலைமகனாகிய ஹஸ்தர் பேராசையால் பொன் முழுவதையும் கவர்ந்தான். தானியத்தின்மேல் கை வைக்கும்போது மற்றத் தேவர்கள் அவனைத் தாக்கினார்கள். தாய் அவனைத் தன் கருவறைக்குள் ஒளித்துக் காத்தாள். அவனை எவரும் வழிபடலாகாது என்பது உடன்பாடு. விநாயக்கின் முன்னோரோ பொன்னுக்கு ஆசைப்பட்டு அவனுக்குக் கோயில் எடுத்தனர். அதற்குத் தேவர்கள் விட்ட சாபமே அந்த ஓயாத மழை. ஆகவே அம்மாளிகையின் கிணற்றுக்கு அடியில் கிடக்கும் அவ்வுருவத்திடம் பொன் உண்டு. உண்ண ஒரு பிடி மாவு இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத செல்வமும், என்றும் ஆறாத பசியும் ஓரிடத்தில்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஹஸ்தர் என்றொரு தேவன் நம் நாட்டு எந்தப் பழம் புராணத்திலும் இல்லை. படம் எடுத்தவர்கள் கட்டிய கதை அது. ஆயினும் அதை மெய்யான ஐதிகம் என்று நம்பிப் பேசுவோரை யாமே கண்டதுண்டு. ஏழெட்டு ஆண்டுக்குள் ஒரு புராணம் எங்ஙனம் வேர்விடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கதையைக் கதையாகக் கொண்டு அதன் கருத்தை ஆராய்வதே அறிவுடைமை.

படத்தின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று இம்முறை கூர்ந்து நோக்கினோம். பெரும்பகுதி வேலையிலிருந்து வருகிறது. விநாயக் மாவைச் சுமந்து வருகிறான். கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்குகிறான். மாவினால் வட்டம் இட்டு அதற்குள் நிற்கிறான். ஹஸ்தர் அவ்வட்டத்தைத் தாண்ட மாட்டான். மாவுப் பொம்மையைக் காட்டி அவனை வரவழைக்கிறான். அவன் பசியோடு உண்டுகொண்டிருக்கும் நேரத்துக்குள், அவனுடைய இடுப்புத் துணியினின்று உதிரும் காசுகளைப் பொறுக்கிக்கொண்டு கயிறேறுகிறான். ஒவ்வொரு முறையும் சில காசுகளே. செலவழிந்ததும் மீண்டும் அதே மழை, அதே கிணறு. பால்மரக் காட்டில் விடியலுக்கு முன் எழுந்து, மரம் மரமாகச் சென்று கோப்பை கோப்பையாகப் பால் எடுத்த நம்மவர்க்கு அந்த ஒழுங்கு நன்கு தெரிந்ததே. வேறுபாடு என்னவெனில், நம்மவர் எடுத்தது அவர்தம் உழைப்பின் விளைவு. அது பிறர் பெட்டிக்குப் போயிற்று. விநாயக் எடுப்பது எவருடைய உழைப்பின் விளைவு என்று படத்தில் எவரும் கேட்பதில்லை.

அக்கேள்விக்கு விடை அந்நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. படத்தின் பெயர், ஸ்ரீபாத் நாராயண் பெண்ட்சே எழுதிய "தும்பாட்சே கோத்" என்ற மராத்தி நாவலின் பெயரைத் தழுவியது. கோத் என்பார் கொங்கணக் கரையில் பரம்பரையாக வரி தண்டி அரசுக்குச் செலுத்தி வந்த இடையாட்கள். தண்டியதற்கும் செலுத்தியதற்கும் இடையில் நின்றதே அவர்களுடைய செல்வம். குடியானவனுக்கோ கூடுதல் வாரமும் கூலியில்லா வேலையும். இம்முறையை ஒழிக்க டாக்டர் அம்பேத்கர் 1937இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1938 சனவரியில் கொங்கணக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் பம்பாய் நகரில் ஊர்வலம் வந்தார்கள். கடைசியில் 1949இல் சட்டம் இயற்றப்பட்டுக் கோத்துரிமை ஒழிந்தது. படம் இவ்வரலாற்றைச் சொல்வதில்லை. ஆயினும் பொன்னை வைத்துக்கொண்டு தானியத்துக்கு அலையும் அவ்வுருவத்தைக் காணும்போது, தானியத்தை விளைத்துவிட்டுப் பசித்துக் கிடந்த அக்குடியானவர்களின் நினைவு எமக்கு வராமற் போகவில்லை.

இனி, இரண்டாம் முறை அப்படத்தைக் கண்ட சூழ்நிலையைச் சொல்ல வேண்டும்.

எம் தந்தையார் 1938இல் மத்திய கெடாவின் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியபோது வேலையும் வீடும் சேர்ந்தே போயின. மனைவி மக்களோடு அலோர் ஸ்டாருக்கு வந்து, பகலில் சாலை வேலையும் இரவில் காவல் வேலையும் பார்த்து, 22 ஆண்டு தவணை கட்டி, மூன்று அறை கொண்ட ஒரு வீட்டைத் தமதாக்கினார். எம் பரம்பரையில் சொந்தப் பெயரில் நிலப் பத்திரம் பெற்ற முதல் மனிதர் அவரே. அன்னையார் முன்னரே மறைந்தார். தந்தையாரும் மறைந்தபோது, பிள்ளைகள் நால்வர்க்கு அந்த வீடு மிஞ்சியது.

நால்வருள் அக்காள் கணவனை இழந்து, ஒரு மகனோடு அவ்வீட்டுக்கே வந்து சேர்ந்தவர். தந்தையார் படுக்கையில் கிடந்த ஒன்பது ஆண்டும் சோறு ஊட்டியவர், மலசலம் எடுத்தவர், இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவர் அவரே. கருமாதி முடிந்த மறுநாள் உறவினர் கூடிப் பேசினர். பெரியவர் ஒருவர், "பெண்களுக்குச் செய்ய வேண்டியதைக் கலியாணத்தில் செய்தாயிற்று, வீடு ஆண் மக்கள் இருவர்க்குந்தானே" என்றார். அண்ணன் தலையசைத்தார். வீட்டை விற்றுவிட்டால் இன்றைய விலைக்கு நல்ல தொகை வரும் என்றார். அண்ணன் கெட்டவர் அல்லர். பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அக்காளோ, "எனக்கு வீடெல்லாம் வேண்டாம், படுக்க ஒரு மூலை போதும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாம் விடை சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம்.

அன்றிரவு அவ்வீட்டிலேயே தங்கினோம். பெருமழை. அக்காளின் மகன், 16 வயதுப் பிள்ளை, உறக்கம் வராமல் அப்படத்தைத் தொலைக்காட்சியில் போட்டான். மேசைமேல் தந்தையாரின் பிஸ்கட் டின். அதற்குள் தவணை ரசீதுகள், வீட்டுவரிச் சீட்டுகள், நிலப் பத்திரம். திரையில் அந்த ஏழைப் பெண், தன்னதல்லாத வீட்டில், சாகாத கிழவிக்குச் சோறு கொண்டு போனாள். இத்தனை ஆண்டு ஊழியத்துக்கு அவள் கேட்பது ஒரு காசு; அந்த ஒன்றைக் கொடுக்கவும் அவ்வீட்டுக்கு மனமில்லை. முதல் முறை கண்டபோது யாம் கிழவியை நோக்கி அஞ்சினோம். இம்முறை எம் கண் சோறு கொண்டு போகும் கையைவிட்டு அகலவில்லை. ஒரு வீட்டின் உள்ளே நடக்கும் ஊழியத்தைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டை மட்டும் பங்கிடுவது பழைய வழக்கம். அவ்வழக்கமும் பரம்பரைச் சொத்தோடு சேர்ந்தே வருகிறது.

விநாயக்கின் அழிவும் அவ்வழியில் வந்ததே. அவன் முதலில் கேட்பது வறுமையிலிருந்து விடுதலை. கடனை அடைக்கச் சில காசுகள்; பிறகு வீடு; பிறகு ஆடம்பரம்; பிறகு எதற்கென்றே தெரியாத வேட்கை. மகன் பாண்டுரங் வளர்ந்ததும், அவனுக்குக் கல்வியோ கைத்தொழிலோ கற்பிக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்குவதைக் கற்பிக்கிறான். தந்தை மகனுக்கு அளிக்கும் அன்பின் வடிவமே அதுவாகிவிடுகிறது. படத்தின் மிகக் கொடிய காட்சி அதுவே என்று சொல்வோம். பேய் அங்கே இல்லை. ஒரு தந்தை தன் பசியை மகனுக்குப் பொறுமையாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். மகன் மெச்சப்பட வேண்டும் என்று ஆவலோடு கற்கிறான்.

இந்த இடத்தில் நம்மவரும் தம்மை நோக்க வேண்டும். நமக்குப் பரம்பரை மாளிகை இல்லை. ஆனால் பரம்பரை இல்லாமற் போகவில்லை. கங்காணியின் கடனேடு வந்தது. ஊரிலிருந்து சாதி கப்பலேறி வந்தது. சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் நிற்கும் பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. எம் பாட்டனார் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி அதற்குத் தலைமை தாங்கினார். தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தார்கள். 1947இல் காவல் துறையினரோடு மோதலும் நேர்ந்தது. எம் தந்தையார் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். அவ்வியக்கத்தின் முழக்கங்களை அவர் எமக்குச் சொன்னதில்லை. தம் தகப்பனார் ஒரு சம்பள நாளில் முழுச் சம்பளத்தோடு, தள்ளாடாமல், வெயில் சாயும் முன்னரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரமும் சாட்சியும் இல்லாமல் எம் குடும்பத்துக்கு வந்த சொத்து அது. 22 ஆண்டுத் தவணையில் ஒன்றுகூடத் தவறாமல் கட்டப்பட்டதற்கு அதுவே அடிப்படை என்று எண்ணுகிறோம்.

வியப்பு யாதெனில், படத்தின் முடிவும் அந்த 1947ஆம் ஆண்டிலேயே நிகழ்கிறது. நாடு விடுதலை பெறுகிறது. அரசு மாளிகையைக் கையகப்படுத்தப் போகிறது. இனி வர இயலாது என்ற பதற்றத்தில், காசுகளை மட்டுமன்றி அந்த இடுப்புத் துணியையே முழுவதும் கவர்ந்துவிடத் தந்தையும் மகனும் திட்டமிடுகிறார்கள். பல மாவுப் பொம்மைகளோடு இறங்குகிறார்கள். பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹஸ்தர் தோன்றுகிறான். மகனைத் தப்புவிக்கத் தந்தை பொம்மைகளைத் தன் உடம்பில் கட்டிக்கொண்டு மேலேறுகிறான். ஹஸ்தரின் கை பட்டவர்க்குச் சாவும் இல்லை, வாழ்வும் இல்லை. உருக்குலைந்து வெளியே வந்த விநாயக், கடைசியாகத் தன் கையிலிருந்த புதையலை மகனிடம் நீட்டுகிறான். பாண்டுரங் அதை வாங்கவில்லை. அழுதுகொண்டே, பாட்டியை உறங்க வைத்த அதே பெயரைச் சொல்லித் தந்தையை உறங்க வைத்து, தீயிட்டு விடுவிக்கிறான்.

"மாமா, அவ்வளவு பொன்னை அந்தப் பையன் ஏன் வேண்டாம் என்கிறான்?" என்று மருமகன் கேட்டான். "அதனோடு வருவதைப் பார்த்துவிட்டானப்பா" என்றோம்.

நேயர்களுக்கு ஒரு செய்தி. பாண்டுரங்காக நடித்த முகமது சமத் என்னும் சிறுவரே, கடும் ஒப்பனையில் அந்த மூதாட்டியாகவும் நடித்திருக்கிறார். முதல் முறை யாம் இதை அறியோம். அறிந்து காணும்போது படத்தின் பொருளே ஆழமாகிறது. பரம்பரையின் அழுகிய தொடக்கமும், பரம்பரையை மறுக்கும் முடிவும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அப்பிள்ளை வாங்கியிருந்தால் அக்கிழவியாகவே ஆகியிருப்பான்.

வாரம் கழிந்து மீண்டும் கூடினோம். இந்நாட்டுத் தீபகற்பப் பகுதியில் முஸ்லிம் அல்லாதார் உயில் எழுதாமல் இறப்பின், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படியே சொத்து பிரிகிறது. பெற்றோரும் மனைவியும் இல்லாதபோது முழுச் சொத்தும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஆண், பெண் என்ற வேறுபாடு அச்சட்டத்தில் இல்லை. இதை யாம் எடுத்துச் சொன்னோம். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்தார்கள். தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் அவ்வுரிமை சட்டமானது 1989இல். தோட்டத்திலிருந்து வந்த நமக்கோ சட்டம் முன்னரே கிடைத்திருக்கிறது. வழக்கந்தான் பின்தங்கி நிற்கிறது. அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சட்டம் பேச வந்துவிட்டாயா?" என்று ஒரு சொல் சொன்னார். பெரியவர் எழுந்து போய்விட்டார்.

நில அலுவலக விசாரணை நடக்கச் சில மாதம் சென்றது. சிறு சொத்துகளை அவ்வலுவலகமே விசாரித்துப் பங்கிடும். வழக்கு மன்றத்துக்குப் போக வேண்டுவதில்லை. நால்வர்க்கும் கால் பங்கு. அக்காள் வாழுங்காலம்வரை வீட்டை விற்பதில்லை என்று எமக்குள் ஒப்பினோம். அண்ணனின் கடனுக்கு எம்மாலும் தங்கையாலும் இயன்றதைத் தந்தோம். அவரும் கையெழுத்திட்டார், ஆனால் அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு அவ்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நியாயம் செய்தவுடன் மனங்கள் ஒன்றாகிவிடும் என்று கதைகளில் எழுதலாம். வாழ்வில் அதற்கும் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. அக்காள் இப்போது "என் வீடு" என்று சொல்வதில்லை. ஆயினும் முன் வாசலில் தம் கையாலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறார்.

படத்தில் குறையில்லாமல் இல்லை. பெண்களின் துயரத்தைத் தொடக்கத்தில் அத்துணை நுட்பமாகக் காட்டியவர்கள், பின்பகுதியில் அவர்களைப் பெரும்பாலும் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பொன்னின் பசியைப் பேசும் படம், அப்பொன்னுக்காக வரி செலுத்தியிருக்க வேண்டிய ஊர் மக்களை ஒரு முறையேனும் நடுவில் கொண்டுவருவதில்லை. ஆயினும் மழையையும் இருளையும் மனிதரின் மூச்சையும் கொண்டே ஒரு மாளிகையின் கொடுமையை உணரச் செய்த திறம் போற்றத்தக்கது. பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்த படம் அது. அக்காத்திருத்தல் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

தோழர்களே! தோட்டத்து லயத்தைவிட்டு நகரத்துக்கு வந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வியர்வையால் வாங்கிய சிறு வீடுகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. பாட்டன் வீடு என்ற சொல்லை நம் பேரப்பிள்ளைகள் முதன்முறையாக மெய்யாகவே சொல்லப் போகிறார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைத் திரட்டினார். அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். பலர் சேர்ந்து வாங்கினால் சொத்து அழிவதில்லை என்று நம் முன்னோர் காட்டிய நாடு இது. ஆகவே உயிரோடிருக்கும்போதே உயில் எழுதுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒப்ப எழுதுங்கள். நோயில் சோறு ஊட்டிய கையைக் கணக்கில் சேருங்கள். வீட்டின் சாவியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன், அதனோடு எதைக் கொடுக்கலாகாது என்பதையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நம் வீடுகளில் இன்னும் பேய் குடியேறவில்லை. அதற்கு இடங்கொடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.